எஸ்பிளனேடில் சிம்பொனி: ஒரு தடவையாவது மேடைக்குப் பின்னால் உட்காருங்கள்

சிங்கப்பூர் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவின் கச்சேரிக்கு டிக்கெட் எடுக்கப் போனால், எஸ்பிளனேட் அரங்கின் இருக்கைப் படத்தில் மேடைக்குப் பின்பக்கமும் சில வரிசைகள் தெரியும். பாட்டுக் குழு உட்காரும் இடம் அது, கொயர் ஸ்டால்ஸ் என்று போட்டிருக்கும். பாட்டுக் குழு இல்லாத கச்சேரிகளில் அந்த இருக்கைகளையும் விற்கிறார்கள், விலையும் முன்பக்கத்து நல்ல இருக்கைகளைவிடப் பெரும்பாலும் குறைவுதான். "பின்னாலிருந்து என்னத்தைப் பார்ப்பது" என்று பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால், சிம்பொனி கேட்டே பழகாதவர்கள் முதலில் உட்கார வேண்டியது அங்கேதான்.

காரணம் சொல்கிறேன். நம்மில் பலருக்கு வயலின் கூட்டம் என்றால் சினிமாப் பாட்டுக்கு நடுவே பின்னணியில் எழும்பி அடங்கும் ஒரு சத்தம், அவ்வளவுதான். எத்தனை பேர் வாசிக்கிறார்கள், அதில் வயோலா எது, செல்லோ எது, அந்தக் கணீர் என்ற ஒலி எந்த வாத்தியத்திலிருந்து வருகிறது, ஒன்றும் தெரியாமலே நாற்பது வயது வரை ரசித்துவிட்டோம். 2025 மார்ச்சில் இளையராஜா லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றினாரே, அதற்கு அப்புறம் அலுவலகத்தில் இரண்டு மூன்று பேர் என்னிடம் "சிம்பொனி என்றால் என்னப்பா, அதை எப்படிக் கேட்பது" என்று கேட்டார்கள். வாயால் விளக்கினால் ஏறாது, யூடியூபில் போட்டுக் காட்டினால் பத்தாவது நிமிடம் போனை எடுத்துவிடுவார்கள். நூறு பேர் மைக் இல்லாமல் ஒன்றாக வாசிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் அது என்ன வகை வேலை என்று புரியும். முன்பக்கம் உட்கார்ந்தால் எல்லாம் குழைந்து ஒரே ஒலியாக வருகிறது, அது ஒரு சுகம், மறுக்கவில்லை. ஆனால் கையசைத்துக் குழுவை நடத்துகிற கண்டக்டரின் முதுகுதான் தெரியும். பின்னால் உட்கார்ந்தால் அவர் முகம் உங்களைப் பார்த்து இருக்கிறது, உங்கள் காலடியில் டிம்பனி முரசுகளும், டிரம்போன், டூபா என்ற பித்தளை ஊதுகுழல்களும்.

நான் இந்த விஷயத்தைக் கண்டுகொண்ட கச்சேரியில் முதல் பாதி மெண்டல்சனின் வயலின் கான்செர்ட்டோ (தனி வயலினுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்குமாகச் சேர்த்து எழுதியது), இடைவேளைக்கு அப்புறம் துவோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பொனி, 'புதிய உலகிலிருந்து' என்ற பெயர் பெற்றது. இரண்டுமே கூட்டத்துக்குப் பிடித்த உருப்படிகள், விஷயம் தெரிந்தவர்கள் "மறுபடியும் அதேவா" என்று சலித்துக்கொள்வார்கள். சலித்துக்கொள்ளட்டும், புதிதாக வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது.

ஆரம்பத்தில் ஓபோ என்ற மரக்குழலை வாசிப்பவர் ஒரே ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கிறார், மற்ற எல்லோரும் அதற்குச் சுருதி சேர்த்துக்கொள்கிறார்கள். தம்பூரா மாதிரி கச்சேரி முழுக்கக் கூடவே வரும் ஆதாரம் எதுவும் இங்கே இல்லை, அந்த அரை நிமிடம்தான். அப்புறம் கண்டக்டர் வந்து கையைத் தூக்கியதும் அரங்கம் கப்சிப் என்று ஆகிவிடுகிறது. பாதி வேலையைக் கண்ணாலேயே நடத்துகிறார் என்பது பின்னாலிருந்து பார்த்தால்தான் தெரியும். ஹார்ன் என்ற சுருண்ட பித்தளைக் குழல் வரவேண்டிய இடம் என்றால் இரண்டு மூச்சுக்கு முன்பே அந்தப் பக்கம் பார்த்துவிடுகிறார், பார்த்ததும் அந்த நாலு பேரும் வாத்தியத்தை உதட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். செல்லோ பக்கம் சத்தம் கூடினால் இடது கை மெல்லக் கீழே இறங்குகிறது. ஓரிடத்தில் கிளாரினெட்காரருக்கு ஒரு சின்னச் சிரிப்பு, முன்வரிசையில் பெரிய விலை கொடுத்து உட்கார்ந்திருந்தவர்கள் யாருக்கும் அது தெரிந்திருக்காது.

மெண்டல்சனில் மட்டும் பின் இருக்கை கொஞ்சம் காலை வாரும். தனி வயலின் வாசிப்பவர் முன்பக்கம் பார்த்து நிற்கிறார், ஒலியும் அங்கேதான் போகிறது, நமக்கு அவருடைய தோளும் வில் பிடித்த முழங்கையும்தான். பியானோ என்றால் இன்னும் மோசம், அதன் மூடியைத் திறந்து முன்பக்கம் பார்த்து வைப்பார்கள், சத்தம் முழுக்க எதிர்ப்பக்கம் போய்விடும். அதனால் பியானோ, வயலின் தனி வாசிப்பு மட்டுமே உங்களுக்கு முக்கியம் என்றால் முன்னால் இடது பக்கம் எடுங்கள், பியானோ வாசிப்பவரின் விரல்களும் தெரியும். ஹார்ன்கள் விஷயம் நேர்மாறு: அவற்றின் வாய் பின்னோக்கி இருப்பதால் நமக்குத்தான் அதிகம் கேட்கும், சில இடங்களில் வயலின்களையே அமுக்கிவிடும். இது வாசிப்பவர்கள் குற்றமில்லை, நாம் உட்கார்ந்த இடத்தின் குணம்.

துவோர்ஷாக் செக் நாட்டுக்காரர், நியூயார்க்கில் ஓர் இசைப்பள்ளிக்குத் தலைவராக இருந்த காலத்தில் எழுதியது இந்தச் சிம்பொனி, 1893 டிசம்பரில் கார்னகி ஹாலில் அரங்கேறியது. நாலு பகுதிகளாக, முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும். எனக்கு நேர் கீழே டூபாக்காரர். முதல் பகுதி முழுக்கச் சும்மா மடியில் அந்தப் பெரிய வாத்தியத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நானும் எப்போது ஊதுவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டாம் பகுதி தொடக்கத்தில் பித்தளை வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து மெதுவாகச் சில கோவைகளை, அதாவது பல சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பதை, வாசிக்கின்றன, அதில் அவருக்குக் கொஞ்சம் வேலை வந்தது. அதே பகுதியில் பிறகு இன்னும் சில சுரங்கள். முடிந்தது. மூன்றாவதிலும் நாலாவதிலும் அவருக்கு ஒரு சுரம்கூட எழுதி வைக்கவில்லை துவோர்ஷாக்! மனிதர் அசையாமல், கொட்டாவி விடாமல், கடைசி வரை இசையைப் பின்தொடர்ந்தபடி உட்கார்ந்திருந்தார்.

அதைவிட வேடிக்கை சிம்பல், நம் ஊர் ஜால்ராவின் பெரிய அண்ணன். இந்தச் சிம்பொனி முழுவதற்கும் அதற்கு ஒரே ஒரு அடிதான், நாலாவது பகுதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வருகிறது. அதுவும் 'டமார்' என்று அடிக்கிற அடி இல்லை, மிதமான அடி. வாசிப்பவர் எழுந்தார், இரண்டு தட்டுகளையும் தூக்கிப் பிடித்தார், கண்டக்டரைப் பார்த்தபடியே எண்ணிக்கொண்டு நின்றார், விளிம்போடு விளிம்பு உரசுகிற மாதிரி ஒரு தட்டு, உடனே இரண்டையும் சட்டையோடு அணைத்து அதிர்வை நிறுத்திவிட்டு, துணி விரித்த தாங்கியில் சத்தமே வராமல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். முன்னால் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரிந்திருக்காது. அந்த ஒரு அடி பிசகினால் மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். என்ன உத்தியோகம் பாருங்கள்.

இரண்டாம் பகுதியில் இங்கிலீஷ் ஹார்னில் (பேர்தான் ஹார்ன், ஆள் ஓபோ குடும்பம்) வரும் மெட்டு உங்களுக்குத் தெரிந்ததாகவே இருக்கும், எங்காவது கேட்டிருப்பீர்கள். மெட்டு நம் காதுக்கு உடனே பிடிபடுகிறது, ஐந்து சுரத்துக்குள் சுற்றிச் சுற்றி வருவதால் இருக்கலாம். அதன் முடிவுப் பக்கம்தான் நேரில் கேட்கவேண்டிய இடம். வயலின் கூட்டம் குறைந்து ஒரு சிலர் மட்டும் அந்த மெட்டை வாசிக்கிறார்கள், வாக்கியத்தின் நடுவிலேயே நின்றுவிடுகிறது, அமைதி, மறுபடி தொடங்குகிறது, மறுபடி நிற்கிறது. சரியாக அந்த இரண்டாவது அமைதியில் என் வரிசையில் ஒரு புண்ணியவான் மிட்டாய்த் தாளைப் பிரிக்க ஆரம்பித்தார். மெதுவாகப் பிரித்தால் கேட்காது என்று ஒரு நம்பிக்கை போல, சரசரவென்று அது ஓடிக்கொண்டே இருந்தது. இருமல் மிட்டாய் தேவைப்படுகிறவர்கள் தயவுசெய்து இடைவேளையிலேயே தாளை உரித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தப் பகுதியின் கடைசிக் கோவையை வயலின் குடும்பத்திலேயே பெரிதான டபுள் பேஸ்கள் மட்டும் தனியாக வாசிக்கின்றன. இத்தனை பெரிய கும்பலில் அடித்தளத்து ஆட்களை மட்டும் விட்டுக் கதவைச் சாத்தச் சொல்கிற துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடித்தது.

கைதட்டல் பற்றி ஒரு வார்த்தை. நாம் சபாவில் வளர்ந்தவர்கள், நல்ல சங்கதி வந்தால் அங்கேயே "ஆஹா" என்போம், தொடையில் தாளம் போடுவோம். இங்கே ஒரு படைப்பின் எல்லாப் பகுதிகளும் முடிந்த பிறகுதான் தட்டுவது வழக்கம். மெண்டல்சன் இதற்கு ஒரு வழி செய்து வைத்திருக்கிறார், முதல் பகுதி ஓய்ந்ததும் பசூன் என்ற நீண்ட மரக்குழல் ஒரு சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு அடுத்த பகுதிக்குள் இழுத்துப் போய்விடும், தட்டுவதற்கு இடைவெளியே கிடைக்காது. துவோர்ஷாக்கில் கடைசிக் கோவை சத்தமாகத் தொடங்கித் தேய்ந்துகொண்டே போய் ஒன்றுமில்லாமல் ஆகிறது, அவசரக்காரர்கள் அது தேய்வதற்குள் தட்டிவிடுவார்கள். சந்தேகமாக இருந்தால் கண்டக்டர் கையைப் பாருங்கள், அது கீழே இறங்கும் வரை பொறுங்கள். பின் இருக்கைக்கு இது இன்னொரு வசதி, அந்தக் கை உங்களுக்கு நேராகவே தெரியும்.

சரி, இந்த ஆர்க்கெஸ்ட்ரா எங்கிருந்து வந்தது? சிங்கப்பூர் சுதந்திர நாடான காலத்தில் வேலையும் வீடும்தான் பெரிய பிரச்சினை. ஜூரோங் தொழிற்பேட்டையை உருவாக்கியவர் என்று நாம் அறிந்த கோ கெங் சுவீ, துணைப் பிரதமராக இருந்தபோது, இந்த நாட்டுக்கு முழுநேரத் தொழில்முறை ஆர்க்கெஸ்ட்ரா வேண்டும் என்று நின்றவர். பொருளாதார நிபுணர் ஒருவர் பட்ஜெட்டில் வயலினுக்கு இடம் ஒதுக்கிய கதை எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான். 1979 ஜனவரி 24-ஆம் தேதி முதல் கச்சேரி, ஷென்டன் வே பக்கமிருக்கும் சிங்கப்பூர் கான்ஃபரன்ஸ் ஹாலில். மேடையில் 41 பேர். நடத்தியவர் சூ ஹோய். அந்தக் கட்டடம் தொழிற்சங்க இல்லமாக 1965-இல் கட்டப்பட்டது, இப்போது சிங்கப்பூர் சீன இசைக்குழுவின் வீடு.

41 பேரை வைத்துக்கொண்டு பெரிய சிம்பொனிகளைத் தொடவே முடியாது, ஆள் சேர்க்கச் சேர்க்கத்தான் பெரிய உருப்படிகள் வந்தன. உள்ளூரில் தேர்ந்தவர்கள் போதாமல் வெளிநாட்டிலிருந்தும் வாத்தியக்காரர்களைக் கொண்டுவர வேண்டியிருந்தது. சூ ஹோய் 1996 வரை பதினேழு வருடம் அந்த வேலையைச் செய்தார். இன்று கிட்டத்தட்ட நூறு பேர் இருக்கிறார்கள்.

1980-களிலிருந்து இவர்களின் வீடு விக்டோரியா கான்சர்ட் ஹால். மணிக்கூண்டோடு வெள்ளையாக நிற்கிறதே, ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில், அதுதான். 1905-இல் விக்டோரியா அரசியின் நினைவாகத் திறந்த மண்டபம் அது. போருக்குப் பின் போர்க்குற்ற விசாரணைகள் அங்கே நடந்தன, 1954 நவம்பரில் மக்கள் செயல் கட்சி தொடங்கப்பட்டதும் அதே மண்டபத்தில்தான். இத்தனை பேச்சையும் வழக்கையும் கேட்ட சுவர்களுக்குக் கடைசியில் மோட்சார்ட் கிடைத்தது! நாலு வருடப் புதுப்பிப்புக்குப் பிறகு 2014-இல் மறுபடி திறந்தார்கள். எழுநூறுக்குள் இருக்கை, சின்னக் குழு வாசிக்கும் படைப்புகளுக்கு எஸ்பிளனேடைவிட இது எனக்கு நெருக்கம்.

எஸ்பிளனேட் 2002 அக்டோபரில் வந்தது. முள் முள்ளான கூரையைப் பார்த்து முள்நாறிப் பழம் என்று ஊரே கேலி செய்தது, இன்றும் டூரியான் என்றுதான் பேச்சு. கச்சேரி அரங்கில் சுமார் 1,600 பேர் உட்காரலாம். ஒலியமைப்பு ரசல் ஜான்சன் என்ற அமெரிக்கருடையது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம், சுவிட்சர்லாந்தின் லூசர்ன் அரங்குகளையும் அவர்தான் செய்தார். அண்ணாந்து பார்த்தால் மேடைக்கு மேலே மூன்று பெரிய பலகைகள் தொங்கும், வாசிக்கப்போகும் படைப்பைப் பொறுத்து அவற்றை ஏற்றி இறக்குவார்கள். சுவர்களின் மேல்பகுதியில் டன் கணக்கில் எடையுள்ள கான்கிரீட் கதவுகள் இருக்கின்றன, அவற்றைத் திறந்தால் பின்னாலுள்ள அறைகளும் சேர்ந்துகொள்ள, எதிரொலி நீளும். மூடினால் ஒலி இறுகும். கட்டடமே ஒரு வாத்தியம் என்று சொன்னால் மிகை இல்லை, அதற்கும் ஒருவர் சுருதி சேர்க்கிறார். பாட்டுக் குழு இருக்கைகளுக்கு மேலே தெரிகிற பைப் ஆர்கன் ஜெர்மனியின் கிளைஸ் நிறுவனம் செய்தது, 4,740 குழாய்கள். செயின்ட்-சான்ஸின் மூன்றாவது சிம்பொனி போல ஆர்கன் முழங்குகிற உருப்படி என்றால் மட்டும் பின் இருக்கை வேண்டாம், தலைக்கு மேலேயே இடி விழும். முதல் சர்க்கிளில், அதாவது முதல் மாடத்தில், நடுவாகப் பார்த்து எடுங்கள்.

இந்த அரங்கு கிடைத்தபோது ஆர்க்கெஸ்ட்ரா லான் ஷுய் கையில் இருந்தது. ஹாங்சோவில் பிறந்தவர், 1997 முதல் 2019 வரை இவர்தான் இசை இயக்குநர். ஆர்க்கெஸ்ட்ராவை உலகம் திரும்பிப் பார்த்தது இந்தக் காலத்தில்தான். ஸ்வீடனின் பிஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவு செய்த தட்டுகள் நிறைய, அதில் ஷாங்காயில் சில காலம் வாழ்ந்த ரஷ்ய இசையமைப்பாளர் செரெப்னினின் எல்லாச் சிம்பொனிகளும் உண்டு. யாரும் அதிகம் தொடாத ஆளை எடுத்துக்கொண்டு முழுதாகச் செய்தது நல்ல புத்தி, பேத்தோவன் பதிவில் வியன்னாவோடு போட்டி போடுவதில் என்ன லாபம். 2014 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், பிபிசி ப்ராம்ஸ் விழாவில் வாசித்தார்கள். அன்றைக்கு ரக்மானினோவின் இரண்டாம் சிம்பொனியோடு, ஜோ லாங் எழுதிய புதிய பியானோ கான்செர்ட்டோவும் இருந்தது. பிறகு ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹான்ஸ் கிராஃப் 2020-இல் தலைமைக் கண்டக்டராக வந்தார். வந்த வருடமே கொரோனா, அரங்கில் ஆளே இல்லை. இருந்தும் 2021-இல் கிராமஃபோன் பத்திரிகையின் சிறந்த ஆர்க்கெஸ்ட்ரா வாக்கெடுப்பில் மூன்றாம் இடம் வந்தார்கள். 41 பேரோடு தொடங்கிய குழுவுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எனக்கு ஒரே ஒரு ஆசை பாக்கி. சீனப் பின்னணி உள்ள படைப்புகள் இவர்கள் மேடையில் இயல்பாக வந்துவிட்டன, உள்ளூர் இசையமைப்பாளர்களும் வருகிறார்கள். நான்கு ஆட்சிமொழி உள்ள நாட்டில், இந்திய ராகங்களிலிருந்து எழுதிய பெரிய ஆர்க்கெஸ்ட்ரா படைப்புகள் என் கண்ணில் பட்டவரை குறைவு. இதே எஸ்பிளனேடில் ஒவ்வொரு வருடமும் கலா உத்சவம் என்ற இந்தியக் கலைவிழா நடக்கிறது, இரண்டு கூட்டமும் ஒரே கட்டடத்துக்கு வெவ்வேறு மாதங்களில் வந்துபோகிறது. யாராவது ஒருவர் ஒரு கல்யாணியையோ கீரவாணியையோ எடுத்து இந்த நூறு பேருக்கு முறையாக எழுதினால், முதல் டிக்கெட் என்னுடையது.

போகிறவர்களுக்குச் சில விவரம். சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வெயில் மழை படாமல் நிலத்தடிப் பாதையிலேயே வந்துவிடலாம், எஸ்பிளனேட் எம்ஆர்டியும் பக்கம்தான். கச்சேரி பெரும்பாலும் ஏழரைக்குத் தொடங்கும், சரியாகத் தொடங்கும். ஐந்து நிமிடம் தாமதமானால் ஓர் உருப்படியோ ஒரு பகுதியோ முடியும் வரை வெளியே திரையில்தான் பார்க்க வேண்டும், கெஞ்சிப் பலனில்லை. கோட்டு சூட்டு எல்லாம் தேவையில்லை, செருப்பும் அரைக்கால் சட்டையும் தவிர்த்தால் போதும். புடவையில் வருகிறவர்களும் உண்டு, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உள்ளே குளிரும், சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். மலிவான இருக்கைகள் ஒன்றிரண்டு சினிமா டிக்கெட் விலைக்குள் வந்துவிடும், மாணவர்களுக்கும் மூத்தோருக்கும் சலுகை இருக்கிறது, சீக்கிரம் எடுத்தால்தான் பின் இருக்கையில் நடு இடம் கிடைக்கும். ஓரத்து இடத்தில் பாதி மேடை மறையலாம். சாப்பாட்டை முன்பே முடித்துக்கொள்வது நல்லது, வெளியே கரையோரத்தில் குளட்டன்ஸ் பே உணவங்காடி இருக்கிறது, குச்சியில் செருகித் தணலில் சுடும் சாத்தே நன்றாக இருக்கும். புகை வாடை சட்டையில் ஏறி உள்ளே பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைச் சுளிக்காமல் இருக்க, காற்று வரும் பக்கம் பார்த்து உட்காருங்கள்.

வழக்கமான கச்சேரிகளுக்கு ஆறு வயதுக்குக் கீழே விடமாட்டார்கள். குழந்தை குட்டியோடு போக வேண்டும் என்றால் தாவரத் தோட்டத்தில் இவர்கள் நடத்தும் இலவசக் கச்சேரிக்குப் போங்கள், சிம்பொனி ஏரி நடுவே மேடை, எதிரே சரிவான புல்வெளி, பாய் விரித்து உட்கார வேண்டியதுதான். அங்கே மைக் வைத்துத்தான் வாசிக்கிறார்கள், அதனால் எஸ்பிளனேடில் கேட்கும் ஒலி கிடைக்காது, பறவைச் சத்தமும் பிள்ளைகள் ஓடும் சத்தமும் கூடவே வரும். பிள்ளைகளுக்கு டபுள் பேஸ் எது, டிரம்போன் எது என்று சத்தம் போட்டே சொல்லித்தரலாம், அங்கே யாரும் முறைக்க மாட்டார்கள். மாலை மழை மட்டும் நம் கையில் இல்லை. குடை விரித்தால் பின்னால் இருக்கிறவர்களுக்கு மறைக்கும், மழைச்சட்டை எடுத்துப் போங்கள்.